சிறையில் இருக்கும் தம்பியின் கையில் காயங்கள்: ‘நடிக்கிறான்’ என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில். என் தம்பிக்கு 23 வயது. வீடு புகுந்து திருடியதாக அவன்மேல் வழக்கு. ஆறு வாரமாக விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கிறான். பிணைப் பணம் கட்ட எங்களுக்கு வசதியில்லை. மூன்று ஆண்டுகளாக அவனுக்குச் சுகர்ஸ் என்ற போதைப்பொருள் பழக்கம் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது முழங்கைக்குக் கீழே புதிய காயங்களைக் கண்டேன். கேட்டதும் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டான். “வக்கீலுக்கு இனிமேல் பணம் கட்டாதே அக்கா” என்றான். நான் வாங்கிக்கொடுத்த புது டேக்கீஸை (விளையாட்டுக் காலணி) அறையில் கூட இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டானாம். வாசலில் நின்ற வார்டரிடம் சொன்னேன். “எல்லாம் நடிப்பு, நாங்கள் பார்க்காததா?” என்றார். அம்மா அவமானத்தால் இதுவரை ஒருமுறைகூட அவனைப் பார்க்கப் போகவில்லை. மாமாவோ, “எதையும் எழுதிக்கொடுக்காதே. நாளைக்கு ஏதாவது ஆனால், அவனே செய்துகொண்டான் என்று உன் கடிதத்தையே காட்டுவார்கள்” என்கிறார். அவனிடம் நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. சொன்னால் தனி அறையில் அடைத்துவிடுவார்களோ? பாட்டிக்குப் படித்துக்காட்ட வேண்டும், தமிழிலேயே பதில் தாருங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்ததும் சிறைக்குத் தொலைபேசியில் அழையுங்கள். மருத்துவப் பிரிவில் பொறுப்பில் இருக்கும் செவிலியரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர் கிடைக்காவிட்டால் சமூகப் பணியாளர், அவரும் இல்லையென்றால் அந்த நேரத்தில் பணியில் இருக்கும் மூத்த அதிகாரி. “என் தம்பி உயிரை மாய்த்துக்கொள்வானோ என்று அஞ்சுகிறேன். இன்றைக்கே அவனை ஒருவர் பார்த்துப் பேச வேண்டும்” என்று சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். “மனசு சரியில்லை”, “கொஞ்சம் டல்லாக இருக்கிறான்” என்றெல்லாம் மென்மையாகச் சொன்னால், நூற்றுக்கணக்கான கைதிகளைப் பார்க்கும் அலுவலகத்தில் அது காற்றோடு போய்விடும். யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

இனி வார்டர் சொன்னதற்கு வருகிறேன். சிறைகளில் பணியாற்றிய மருத்துவ உளவியலாளர் என்ற முறையில் நான் அதிகம் கேட்ட சொல் இந்த ‘நடிப்பு’தான். அதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வாரந்தோறும் இரத்தத்தைப் பார்ப்பவருக்கு மனம் மரத்துப்போகிறது. மரத்துப்போகாவிட்டால் அவரால் மறுநாள் வேலைக்கு வர முடியாது. ஆனால் அந்த அலுப்பை ஒரு மருத்துவ முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒருவன் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்குப் பல காரணங்கள் உண்டு. உள்ளே பொங்கும் பதற்றம் சற்று நேரத்துக்காவது தணிய வேண்டும் என்பது ஒன்று. எதையும் உணர முடியாமல் மரத்துக் கிடக்கும்போது எதையாவது உணர வேண்டும் என்பது இன்னொன்று. தன்மேல் உள்ள வெறுப்பு, யாராவது திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு, மிரட்டுகிறவர்கள் இருக்கும் அறையிலிருந்து எப்படியாவது மாற்றப்பட வேண்டும் என்ற கணக்கு, செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் இரண்டு மூன்று ஒரே மனிதனுக்குள் ஒரே நாளில் இருக்கலாம். காலையில் அறை மாற்றம் கேட்டுக் காயப்படுத்திக்கொண்டவன் இரவில் உண்மையிலேயே சாக விரும்பலாம். ஆகவே ‘நடிப்பா, நிஜமா’ என்று கேட்பதில் பயனில்லை. கவனம் கேட்டுத்தான் செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். தன் உடம்பைக் கிழித்துத்தான் கவனத்தைப் பெற முடியும் என்ற நிலைக்கு ஒரு பையன் வந்துவிட்டான் என்றால், அவனுக்கு அந்தக் கவனம் உடனே தேவை.

இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 2004 முதல் 2009 வரை நடந்ததைத் திரட்டி ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். அந்த ஆறு ஆண்டுகளில் சுமார் 26,500 கைதிகள் ஏறத்தாழ 1,39,000 முறை தங்களைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆண் கைதிகளில் ஆண்டுக்கு 5 முதல் 6 சதவீதத்தினர், பெண் கைதிகளில் 20 முதல் 24 சதவீதத்தினர். அவர்களில் பின்னர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டவர்கள் 109 பேர். பெரும்பாலானோர் உயிரோடுதான் இருந்தார்கள் என்பதைப் பாட்டிக்கும் சொல்லுங்கள், அது முக்கியம். ஆனால் மற்றக் கைதிகளோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகமாக இருந்தது. இறந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் காயப்படுத்திக்கொண்ட ஒரு மாதத்துக்குள் இறந்திருக்கிறார்கள். அது வேறு நாட்டுக் கணக்கு, நம் சிறைகளின் நெரிசலும் குழுச் சண்டைகளும் வேறு. ஆனாலும் அந்த ஒரு மாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். உங்கள் தம்பி இப்போது அந்த மாதத்துக்குள் இருக்கிறான். அதனால்தான் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம் என்றேன்.

நீங்கள் எழுதியவற்றில் என்னைக் கவலைப்பட வைத்தவை வேறு சிலவும் உண்டு. அவன் விசாரணைக் கைதி. தண்டனை பெற்றவனைவிட விசாரணைக் கைதிக்கு ஆபத்து குறைவு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. சிறைகளில் தற்கொலையைத் தடுப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. வெளியே வாழும் ஆண்களைவிட விசாரணைக் கைதிகளிடையே தற்கொலை முயற்சி ஏறத்தாழ ஏழரை மடங்கு, தண்டனைக் கைதிகளிடையே ஏறத்தாழ ஆறு மடங்கு என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். தண்டனை பெற்றவனுக்கு ஒரு தேதியாவது கையில் இருக்கிறது. விசாரணைக் கைதிக்கு இருப்பதெல்லாம் வாய்தா மேல் வாய்தா. விடியும் முன் எழுப்பி, வண்டியில் ஏற்றி, நீதிமன்றக் கூண்டறையில் பகல் முழுதும் உட்கார வைத்து, இரண்டு நிமிடத்தில் “ஒத்திவைக்கப்படுகிறது” என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அன்று இரவு அவன் திரும்பும் அறையில் சோறும் ஆறியிருக்கும், பேச்சுத்துணையும் இராது. வாய்தா முடிந்த இரவுகளை நான் எப்போதும் அச்சத்தோடுதான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சுகர்ஸ். சாட்ஸ்வொர்த்தில் எந்தத் தெருவிலும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதில் ஹெராயின் கலந்திருக்கிறது. உள்ளே போனதும் முதல் பத்து நாள் உடம்பு படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வருவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வாந்தியும் நடுக்கமும் நின்ற பிறகு தூக்கமின்மை, எதிலும் ருசியின்மை, ஆழமான சோர்வு ஆகியவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். போதை மூடி வைத்திருந்த வெட்கமும் குற்றவுணர்வும் அப்போதுதான் முழு உருவத்தோடு எழுந்து நிற்கும். தான் யாரையெல்லாம் ஏமாற்றினோம், அம்மாவின் நகை எங்கே போனது என்பதெல்லாம் தெளிந்த மூளைக்குத்தான் நினைவுக்கு வரும். ஆறாவது வாரத்தில் உங்கள் தம்பி அந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கக்கூடும். அவனுடைய பழக்கத்தைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வழக்குக்குப் பாதகமாகிவிடும் என்ற தயக்கம் இருந்தால் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக மருத்துவப் பிரிவை இருட்டில் வைக்காதீர்கள்.

டேக்கீஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தனக்குப் பிடித்த பொருளைக் கொடுத்துவிடுவது விடைபெறும் அறிகுறியாக இருக்கலாம், நீங்களும் அதை நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் சிறைக்குள் புது டேக்கீஸ் இலேசாகக் கைமாறுவதில்லை. மிரட்டிப் பிடுங்கியிருக்கலாம். புகையிலைக் கடனுக்கோ போதைப்பொருள் கடனுக்கோ அவனே கழற்றிக் கொடுத்திருக்கலாம். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண்களால் அழைக்கப்படும் கூட்டங்களைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிதாக வரும் இளைஞர்களை அவர்கள் எப்படி வளைக்கிறார்கள் என்பது இந்த நாட்டில் யாருக்கும் இரகசியமில்லை. கடனும் மிரட்டலும் தற்கொலை எண்ணத்தை வளர்ப்பவை என்பதால் எந்தக் காரணமாக இருந்தாலும் கவலை குறையாது. ஆனால் அதற்கான வழி மாறும். மிரட்டல் என்றால் அவனுக்கு முதலில் வேண்டியது வேறு அறை. மருந்தும் ஆலோசனையும் அதற்குப் பிறகுதான். ஆகவே “ஏன் கொடுத்தாய்?” என்று கடிந்து கேட்காமல், “உள்ளே உன்னை யாராவது தொந்தரவு செய்கிறார்களா? யாருக்காவது எதாவது தர வேண்டியிருக்கிறதா?” என்று கேளுங்கள். பக்கத்தில் ஆட்கள் இருந்தால் அவனால் வாய் திறக்க முடியாது. அப்படியானால் ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேட்கலாம்.

“வக்கீலுக்குப் பணம் கட்டாதே” என்றானே, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகப் படுகிறது. குடும்பத்துக்குத் தான் ஒரு பாரம், தான் இல்லாவிட்டால் அவர்களுக்குச் செலவு மிச்சம் என்று ஒருவன் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்கும்போது இப்படித்தான் பேசுவான். அக்காமேல் உள்ள பாசம்போலத்தான் அது காதில் விழும். அதனாலேயே வீட்டார் அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள்.

நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவேனோ என்று பயப்படுகிறீர்கள். விதைக்க மாட்டீர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டபின் சிலருக்கு மனப்பாரம் குறைந்ததையும் அவை பதிவுசெய்திருக்கின்றன. அடுத்த சந்திப்பில், முடிந்தால் அதற்கு முன்பே அவன் சிறைத் தொலைபேசியிலிருந்து அழைக்கும்போது, இப்படித் தொடங்கலாம்: “உன் கையைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கோபமில்லை. ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?” வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவீர்கள் என்றால் ஆங்கிலத்திலேயே கேளுங்கள், சொல்லை மட்டும் மழுப்ப வேண்டாம். “அப்படியெல்லாம் நினைக்கவில்லைதானே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியிலேயே நீங்கள் விரும்பும் விடை இருக்கிறது, அவனும் அதையே தருவான். கேட்டபின் பேசாமல் காத்திருங்கள். அவன் ஆம் என்றால் அழலாம், தவறில்லை, ஆனால் எழுந்து ஓடிவிடாதீர்கள். எப்போது அந்த எண்ணம் மிகுதியாக வருகிறது, எப்படிச் செய்ய வேண்டும் என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறானா, எது அவனை இதுவரை தடுத்து வைத்திருக்கிறது என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்று சொன்னால் சந்திப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கேயே மருத்துவப் பிரிவிடமோ பொறுப்பு அதிகாரியிடமோ சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

“யாரிடமும் சொல்லாதே அக்கா” என்பான். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். “உன் உயிர் சம்பந்தப்பட்டதை நான் மறைக்க மாட்டேன், ஆனால் யாரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்பதை உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்று சொல்லுங்கள். அதேபோல, “அம்மா தலைமேல் சத்தியம் செய், இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று” என்று கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் சத்தியம் செய்தவன் மறுபடி தவறினால், அடுத்த முறை காயத்தை மறைப்பான், உண்மையைச் சொல்லும் வாய் அடைபட்டுவிடும். சத்தியத்துக்குப் பதிலாக ஒரு சிறிய ஏற்பாடு கேளுங்கள்: அந்த எண்ணம் மிகும் இரவில் உள்ளே யாரை எழுப்புவான்? இந்தக் கேள்வி மிகவும் பயனுள்ளது. பிற்பகலில் கதவு பூட்டப்பட்டால் மறுநாள் காலை வரை அவனருகில் இருக்கப்போகிறவர்கள் சக கைதிகள்தான். பிரிட்டனில் ஸ்வான்ஸீ சிறையில் 1991இல், சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, துயரத்தில் இருக்கும் மற்றக் கைதிகளின் பேச்சைக் கேட்க வைத்தது. பிறகு அது பல சிறைகளுக்கும் பரவியது. உங்கள் தம்பியின் அறையில் அப்படிப் பயிற்சி பெற்றவர் இருக்கமாட்டார். ஆனாலும் அவன் நம்பும் ஓர் ஆள், வயதில் மூத்த ஒருவர், கோயில் பாட்டு பாடும் ஒரு மாமா, யாராவது இருப்பார்.

இப்போது உங்கள் மாமாவின் பேச்சு. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த நாட்டில் காவலில் நடந்த சாவுகளை ‘தற்கொலை’ என்று சொல்லி மூடிய வரலாறு உண்மையானது. ரூட்போர்ட்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் அகமது திமோல் 1971 அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து குதித்து இறந்தார் என்றார்கள். 1972இல் நடந்த விசாரணையும் அதையே சொன்னது. 2017இல் மறுவிசாரணை நடத்திய நீதிபதி பில்லி மோத்லே, அது கொலை என்று தீர்ப்பளித்தார். அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்தவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அந்தச் சந்தேகத்திலிருந்து மாமா எடுக்கும் முடிவு தலைகீழானது. எழுத்தில் எதுவும் இல்லாதபோதுதான் “எங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை” என்று அதிகாரிகள் கைவிரிக்க முடியும். தேதியிட்ட உங்கள் கடிதம் அவர்கள் மேசையில் இருந்தால், தெரியாது என்று சொல்ல வழியில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவனைக் காப்பது அவர்கள் பொறுப்பு என்பது பதிவாகிவிடுகிறது. சிறையில் நேரும் ஒவ்வொரு சாவையும் உடனே சிறைகளுக்கான நீதித்துறைக் கண்காணிப்பகத்தின் ஆய்வு நீதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டின் சிறைச் சேவைகள் சட்டத்தில் 15ஆம் பிரிவு. மருத்துவர் இயற்கைச் சாவு என்று சான்றளிக்க முடியாதபோது மரண விசாரணைக்கும் வழி செய்யப்பட வேண்டும். மாமா அஞ்சும் காலத்தில் இப்படி ஓர் ஆய்வு நீதிபதி இல்லை. ஆகவே அவரிடம் கோபப்படாமல், கடிதம் எழுத அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதத்துக்கு இன்னொரு பலமும் உண்டு, இதைப் பல வக்கீல்கள்கூடச் சொல்லித்தருவதில்லை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரு கைதிக்கு மனநோய் இருக்கலாம் என்று சிறைத் தலைமை அதிகாரிக்கு நேரடியாகத் தெரிந்தாலும், பிறர் கொடுத்த தகவலால் தெரியவந்தாலும், அவனுடைய மனநிலையை மனநல மருத்துவரைக் கொண்டு விசாரிக்கச் செய்ய வேண்டும் என்கிறது. மனநல மருத்துவர் கிடைக்காவிட்டால் ஒரு மருத்துவரும் மனநலப் பணியாளர் ஒருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். ‘பிறர் கொடுத்த தகவல்’ என்ற இடத்தில் ஓர் அக்காவின் கடிதமும் அடங்கும். சிறைத் தலைமை அதிகாரிக்கு, ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். அவன் பெயர், கைதி எண், நீங்கள் பார்த்த தேதி, கையில் கண்ட காயங்கள், அவன் சொன்ன சொற்கள் சொன்னபடியே, போதைப் பழக்கம், இதற்கு முன் எப்போதாவது தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் அந்த விவரம், குடும்பத்தில் யாராவது அப்படி இறந்திருந்தால் அதுவும், அடுத்த வாய்தாத் தேதி. கடைசியில், மேற்சொன்ன 50ஆம் பிரிவின்படி அவனுடைய மனநிலையை விசாரிக்கக் கோருகிறேன் என்று ஒரு வரி. வசைபாட வேண்டாம், வார்டர் சொன்னதைப் பற்றிய புகாரையும் இதில் சேர்க்க வேண்டாம். அதைக் கலந்தால் அவர்கள் அந்தப் புகாருக்குப் பதில் எழுதிவிட்டு முக்கியமானதை மறந்துவிடுவார்கள். ஒரு நகலை வக்கீலுக்கும், இன்னொன்றை நீதித்துறைக் கண்காணிப்பகத்துக்கும் அனுப்புங்கள். கண்காணிப்பகத்தின் சார்பில் சிறைகளுக்குள் சென்று கைதிகளின் குறைகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் சுயேச்சைப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அவனை நேரில் பார்த்துப் பேச முடியும். வக்கீலிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அடுத்த வாய்தாவன்று மாஜிஸ்திரேட்டிடம் இதை எடுத்துச் சொல்லி, மருத்துவக் கவனிப்பு தேவை என்பதைக் காவல் உத்தரவிலேயே குறிக்கச் செய்ய வேண்டும்.

தனி அறை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சிறைத் தற்கொலைகளைப் பற்றிய ஆய்வுகள் பல நாடுகளிலும் மறுபடி மறுபடி கண்ட ஒன்று, ஒற்றை ஆளாக ஓர் அறையில் இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்பதுதான். துன்பத்தில் இருப்பவனைத் தனியே பூட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேவைப்படுவது அருகில் மனிதர்கள், அடிக்கடி வந்து பார்க்கும் கண்கள், பேச்சு. சில வேளைகளில் மருத்துவப் பிரிவில் சில நாள் வைத்திருப்பார்கள், அது நல்லது. ஆனால் ‘பிரித்துவைத்தல்’ என்று தனியறையில் போட்டால், அதற்கும் முன்பு சொன்ன 1998ஆம் ஆண்டுச் சிறைச் சேவைகள் சட்டத்தின் 30ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஓர் அதிகாரி அவனைப் பார்க்க வேண்டும். தலைமை அதிகாரி நாள்தோறும் பார்க்க வேண்டும். செவிலியரோ உளவியலாளரோ மருத்துவரோ நாள்தோறும் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும். அவனுடைய நலத்துக்கு அது கேடு என்று அவர்கள் கருதினால் உடனே நிறுத்த வேண்டும். அவன் ஆய்வு நீதிபதியிடம் முறையிட்டால் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதை அவனிடம் சொல்லிவையுங்கள். சட்டத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஆள் பற்றாக்குறையுள்ள சிறையில் தானாக நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வெளியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கும் கைதிக்கு அது கூடுதலாக நடக்கிறது, அவ்வளவே எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? அவரைக் குற்றம் சொல்லி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மகன்மேல் உள்ள கோபத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. தெருவில் தலைகுனிந்து நடக்க வேண்டியிருப்பவர் அவர்தான். ஆனால் ஒன்றை அவர் அறிய வேண்டும். பார்க்க ஆள் வராத கைதிகளிடையே தற்கொலை அதிகம் என்பதும் ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று. அவர் அங்கே போய் மன்னிக்க வேண்டியதில்லை, அழ வேண்டியதில்லை, எதிரில் உட்கார்ந்தால் போதும். அதுவும் இப்போது முடியாவிட்டால் இரண்டு வரி எழுதி உங்களிடம் கொடுத்தனுப்பட்டும். பாட்டியின் பேச்சை அம்மா தட்டமாட்டார் என்றால், இந்த இடத்தைப் பாட்டியே அவருக்குச் சொல்லட்டும். “நம் குடும்பத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை” என்று யாராவது சொன்னால், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரிடையே தற்கொலைகள் மிகுந்திருந்ததை வரலாற்று ஆய்வாளர்கள் பதிவுசெய்திருப்பதை நினைவூட்டுங்கள். சொந்தபந்தம் பிரிந்து, விட்டுப்போகவும் முடியாமல் அடைபட்டவர்கள் அவர்கள். அவர்களை யாரும் கோழைகள் என்று சொல்ல மாட்டோம்.

நேர்த்திக்கடன், பூசை எல்லாம் செய்யுங்கள். முருகனுக்குக் காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டால் அதை உங்கள் தம்பியிடம் மறக்காமல் சொல்லுங்கள். அம்மா தனக்காக வேண்டிக்கொண்டாள் என்பதே அவனுக்கு ஒரு செய்தி. கைதி தான் விரும்பும் சமய ஆலோசகரைச் சந்திக்கலாம் என்று அரசியலமைப்பின் 35ஆம் பிரிவே சொல்கிறது. உங்கள் கோயில் குருக்களோ சமயத் தொண்டரோ போக முன்வந்தால், இன்னொரு மனிதர் அவனைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று பொருள். ஆனால் “கர்மவினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்” என்று பேசும் ஆளாக இருந்தால் அனுப்பாதீர்கள்.

அவன் திடீரென்று அமைதியாகி, சிரித்துப் பேசி, “எல்லாம் சரியாகிவிட்டது அக்கா” என்றால், காரணம் புரியாதவரை நிம்மதியடைய வேண்டாம். வழக்கில் நல்ல செய்தியோ, அறை மாற்றமோ, சிகிச்சையோ இருந்தால் சரி. எதுவும் மாறாமல் அவன் மட்டும் தெளிந்துவிட்டால், உள்ளுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டதால் வந்த அமைதியாகவும் இருக்கலாம். அன்றைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

உங்களுக்கும் துணை வேண்டும். தூக்கமில்லாமல் வேலைக்கும் போய், வக்கீலையும் பார்த்து, வீட்டாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லை. உங்கள் மனம் தளரும்போதும் அழைக்கலாம், தம்பியிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கவும் அழைக்கலாம்.

அடுத்த வாய்தாவன்று நீதிமன்றத்துக்கு யாராவது ஒருவர் கட்டாயம் போங்கள், அவன் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். முடிவு எதுவானாலும் அன்று மாலையே சிறை மருத்துவப் பிரிவுக்கு அழைத்து, அவன் திரும்பிவிட்டானா, யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். கடிதம் கொடுத்து ஒரு வாரத்துக்குள் அவனை மருத்துவரோ உளவியலாளரோ பார்க்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கண்காணிப்பகத்துக்கு அனுப்ப வேண்டிய அடுத்த கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.